குதிரைகளைத் தாக்கும் நச்சுயிரி நோய்கள்: சத்தியமங்கலம் – அந்தியூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு நாட்டின் வடபகுதியில் ஆடித் திங்களில் கூடும் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தை, பல மாநிலக் குதிரைகள் ஓரிடத்தில் நெருங்கி நிற்கும் அரிய நிகழ்வாகும். இத்தகைய கூடுகைகள் நச்சுயிரி (வைரஸ்) நோய்கள் பரவுதற்கு உகந்த களங்கள் என்பதை உலகெங்கும் நிகழ்ந்த நோய்ப்பரவல்கள் காட்டுகின்றன. குதிரைகளைத் தாக்கும் முதன்மையான நச்சுயிரி நோய்களின் இயல்பு, பரவும் முறை, அடையாளங்கள், தடுப்பு ஆகியவற்றை இவ்வட்டாரத்தின் நில, நீர், சந்தைச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: குதிரை, நச்சுயிரி, அந்தியூர்ச் சந்தை, சளிக்காய்ச்சல், ஹெர்பிஸ், ஆப்பிரிக்கக் குதிரை நோய், வெறிநோய்.

முன்னுரை

தமிழகம் குதிரையை ஈன்ற நிலமன்று, வரவேற்ற நிலம். புகார்த் துறைமுகத்தில் கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சின என்றும் எழுதினார். பேணத் தெரியாமையும் தட்பவெப்பமும் பொருந்தா உணவுமே காரணம் என்பது அவர் கருத்து. அவ்விறப்புகளில் தொற்றுநோயின் பங்கு எவ்வளவு என்பதை இன்று அளவிட வழியில்லை. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பற்றியதாகக் கருதப்படும் மிகப் பழைய குறிப்பு 1327ஆம் ஆண்டில் ஏமன் நாட்டிலிருந்து கிடைக்கிறது. தமிழகத்திற்குக் குதிரை ஏற்றுமதியான அரபுக் கரைகளுள் ஏமனும் ஒன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆவல் ஆய்வாளர்க்கு எழுதல் இயல்பே. ஆயினும் சான்றில்லாத இடத்தில் அவ்விணைப்பைச் செய்யாதிருத்தலே முறை.

சத்தியமங்கலத்திற்குக் கிழக்கே அமைந்துள்ள அந்தியூரில், புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடுகின்றன. திப்பு சுல்தான் தம் படைக்கு இங்குக் குதிரை வாங்கினார் என்பது வட்டார வழக்கு. கத்தியவாரி, மார்வாரி முதலிய வடபுல இனங்களும், நாட்டுக் குதிரைகளும், நடனம் பயிற்றப்பட்ட குதிரைகளும் இங்கு நிறுத்தப்படுகின்றன. காங்கேயம் காளைகளும் பர்கூர் மலைமாடுகளும் அருகிலேயே கட்டப்பட்டிருக்கும். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஏறத்தாழ 3.4 இலட்சம், 2012இல் இருந்ததைவிட இது 45 விழுக்காட்டிற்கு மேல் குறைவு. எண்ணிக்கை அருகிவரும் விலங்கில் ஒவ்வொன்றின் இழப்பும் உடையவர்க்கு மட்டுமன்றி இனத்திற்கும் பேரிழப்பாகும்.

குதிரைச் சளிக்காய்ச்சல்

இன்புளூயன்சா ‘ஏ’ வகை நச்சுயிரியால் தோன்றும் இந்நோயே குதிரை நோய்களுள் மிக விரைந்து பரவுவது. 1956இல் பிராகு நகரில் எச்7என்7 வகையும், 1963இல் மியாமியில் எச்3என்8 வகையும் பிரித்தறியப்பட்டன. இன்று உலகில் சுற்றிவருவது பின்னதே. 1872இல் டொராண்டோ நகரில் தொடங்கி வட அமெரிக்கா முழுவதும் பரவிய குதிரைக் கொள்ளைநோய், குதிரை இழுத்த வண்டிகளை நம்பியிருந்த நகரங்களை முடக்கியது. அவ்வாண்டு நவம்பரில் பாசுடன் நகர் தீப்பற்றி எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதரே இழுத்துச் செல்ல நேர்ந்தது.

இந்தியாவில் 1987இல் எச்3என்8 வகையால் பெரும் பரவல் நிகழ்ந்தது. மீண்டும் 2008 கோடையில், வைணவி தேவி கோயிலுக்குச் செல்வோரைச் சுமக்கும் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் திரளும் சம்மு பகுதியின் கத்ராவில் நோய் தலைதூக்கி, 2009 வரை பல மாநிலங்களில் நீடித்தது. திருத்தலத்தில் கூடும் விலங்குகளிடையே அது வெளிப்பட்டது என்பது அந்தியூரை நோக்குவார்க்குப் பொருளுடைய செய்தி.

நோய்க்கூறு தொற்றிய 1 முதல் 3 நாட்களுக்குள் காய்ச்சல் கடுமையாக ஏறும். வெப்பம் 41 பாகை செல்சியசு வரை உயர்தலும் உண்டு. வறண்ட, ஆழ்ந்த இருமல் தொடரும். மூக்கிலிருந்து முதலில் நீர்போலும் பின்னர்க் கெட்டியாகவும் சளி வடியும். குதிரை கொள்ளையும் புல்லையும் தொடாது தலை தாழ்த்தி நிற்கும். ஒருமுறை இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் பல மீட்டர் தொலைவு செல்ல வல்லவை. பொதுத் தொட்டி, வாளி, கடிவாளம், பராமரிப்பவரின் கை, உடை ஆகியனவும் தொற்றைக் கடத்தும்.

இங்கு ஒரு கணக்கை நோக்குதல் வேண்டும். சந்தை நான்கு நாட்கள் நடப்பதாகக் கொள்வோம். முதல் நாள் வந்திறங்கிய ஒரு குதிரை வெளித்தோற்றத்தில் நலமாக இருந்து உள்ளே நோயைச் சுமந்திருப்பின், மறுநாளே இருமத் தொடங்கும். அதனருகே கட்டப்பட்டவை இரண்டாம், மூன்றாம் நாட்களில் தொற்றைப் பெறும். அவற்றுள் பல, அடையாளம் தோன்றுமுன் விற்கப்பட்டு, நான்காம் நாள் வண்டியேறி ஈரோடு, கோவை, மைசூரு என ஊர் ஊராகச் சென்றுவிடும். நோய் தெரியவரும்போது சந்தைத் திடல் வெறிச்சோடிக் கிடக்கும். ஆகவே சந்தையின் நடுவே நடத்தும் மருத்துவ முகாம், எவ்வளவு நன்மனத்தோடு நடத்தப்பட்டாலும், இந்நோயைப் பொறுத்தவரை காலந்தாழ்ந்த ஒன்றாகும்.

இது வெறும் ஊகக் கணக்கன்று. 2007 ஆகத்து மாதம் ஆசுத்திரேலியாவில், இறக்குமதிக் குதிரைகளை ஒதுக்கிவைத்த நிலையத்திலிருந்து தப்பிய நச்சுயிரி, நியூ சவுத் வேல்சின் மெயிட்லண்ட் ஊரில் நடந்த குதிரையேற்றப் போட்டியில் கூடிய குதிரைகளுக்குத் தொற்றியது. போட்டி முடிந்து அவை வீடு திரும்பியபோது நோயும் உடன்சென்றது. அதற்குமுன் இந்நோயையே அறியாத அந்நாட்டில் ஏறத்தாழ 10,000 பண்ணைகளும் இடங்களும் பாதிப்புற்றன. போக்குவரத்துத் தடையும் தடுப்பூசியும் கொண்டு ஆண்டிறுதிக்குள் நோய் ஒழிக்கப்பட்டது.

இந்நோயால் வளர்ந்த குதிரை இறத்தல் அரிது. கேடு வருவது ஓய்வின்மையால். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் என்ற அளவில் ஓய்வு தரவேண்டும் என்பது மருத்துவ நெறி. மூச்சுக்குழலின் உள்படலம் மீண்டும் வளர மூன்று வாரமேனும் ஆகும். காய்ச்சல் தணிந்ததும் ஊர்வலத்திற்கோ வண்டிப் பந்தயத்திற்கோ நடனத்திற்கோ கொண்டுசெல்லப்படும் குதிரைக்கு நுரையீரல் அழற்சியும் இதயத்தசைப் பாதிப்பும் நேரலாம். உயிர்க்கொல்லி மருந்துகள் நச்சுயிரியை அழிப்பதில்லை; பின்தொடரும் நுண்ணுயிர்த் தொற்றுக்கே அவை பயன்படும். ஒவ்வோர் இருமலுக்கும் ஊசி கேட்கும் வழக்கம் மருத்துவரையும் உடையவரையும் ஒருங்கே ஏமாற்றுவது.

தடுப்பூசி உண்டு. அரியானா மாநிலம் இசாரில் 1985இல் நிறுவப்பட்ட தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், இந்தியப் பரவல்களில் கிடைத்த நச்சுயிரி வகைகளைக் கொண்டே செயலிழந்த தடுப்பூசியை உருவாக்கியுள்ளது. முதலிரு தவணைகள் 4 முதல் 6 வார இடைவெளியில் தரப்படுவதாலும், இரண்டாம் தவணைக்குப் பின்னரே எதிர்ப்பாற்றல் நிலைபெறுவதாலும், ஆடிச் சந்தைக்குச் செல்லும் குதிரைக்கு வைகாசியில் முதல் ஊசி போடப்பட்டிருத்தல் வேண்டும். ஆனி மாதக் கடைசியில் நினைவு வருவதால் பயன் சிறிது.

ஹெர்பிஸ் நச்சுயிரி: உறங்கும் பகை

குதிரை ஹெர்பிஸ் நச்சுயிரியின் பல வகைகளுள் முதலாம், நான்காம் வகைகள் இன்றியமையாதவை. நான்காம் வகை பெரும்பாலும் இளங்குதிரைகளில் சளியும் காய்ச்சலும் உண்டாக்குவதோடு நின்றுவிடும். முதலாம் வகை அவ்வாறன்று. சினைக்குதிரையின் கருப்பத்தின் இறுதிக் காலத்தில், முன்னறிகுறி ஏதுமின்றிக் கருவைச் சிதைக்கும். சிலபோது தண்டுவடத்தின் குருதிக் குழாய்களைத் தாக்கிப் பின்னங்கால்களைத் தளரச் செய்யும். சிறுநீர் தானே ஒழுகுதல், வால் தளர்தல், நாய்போல் அமர்தல் ஆகியவை இந்நரம்பு வடிவத்தின் குறிகள்.

இந்நச்சுயிரியின் தனித்தன்மை அது உடலைவிட்டு நீங்காமையே. நலம்பெற்ற குதிரையின் நரம்பணுத் திரள்களிலும் நிணநீர்த் தொகுதியிலும் அது உறங்கிக் கிடக்கும். நெடுந்தொலைவுப் பயணம், புதிய இடம், கூட்டம், குட்டி பிரித்தல் முதலிய அழுத்தங்கள் அதனை எழுப்பும். குசராத்திலோ இராசசுத்தானிலோ இருந்து சரக்கு வண்டியில் நின்றபடியே அந்தியூருக்கு வரும் குதிரை இத்தனை அழுத்தங்களையும் ஒருசேரச் சந்திக்கிறது. எனவே புறத்திலிருந்து எந்தத் தொற்றும் வாராமலே சந்தையில் நோய் தோன்றக்கூடும். 2021இன் தொடக்கத்தில் எசுப்பானியாவின் வலென்சியா நகரில் நடந்த பன்னாட்டுக் குதிரைத் தாண்டற் போட்டியில் முதலாம் வகையின் நரம்பு வடிவம் பரவி, குதிரைகள் பல இறந்தன; ஐரோப்பா முழுவதும் போட்டிகள் நிறுத்தப்பட்டன.

சந்தையில் வாங்கிய குதிரையை நேரே சினைக்குதிரைகள் நிற்கும் லாயத்தில் கட்டுதல் கொங்குப் பண்ணைகளில் காணக்கூடிய பழக்கம். மூன்று வாரம் தனியிடத்தில் நிறுத்தி, நாள்தோறும் இருவேளை வெப்பம் பார்த்து, அதற்கெனத் தனி வாளியும் தனி ஆளும் அமர்த்துதல் செலவுமிக்க ஏற்பாடன்று. சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் கையுறையின்றித் தொடுதலும், நாய்க்கு எறிதலும் தவிர்க்கத்தக்கன. அவற்றில் நச்சுயிரி மிகுந்திருக்கும். நோய்க்காரணம் அறியவும் அவையே சிறந்த மாதிரிகள்.

தொற்று இரத்தச்சோகையும் ஊசிமுனையும்

ரெட்ரோ வகை நச்சுயிரியால் தோன்றும் தொற்று இரத்தச்சோகைக்குத் தடுப்பூசியும் இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, அடிவயிற்று வீக்கம், மெலிவு ஆகியன குறிகள். பல குதிரைகள் குறியேதுமின்றி வாழ்நாள் முழுதும் நச்சுயிரியைச் சுமக்கும். 1970இல் லிராய் காகின்சு வகுத்த குருதிச் சோதனை அத்தகையவற்றைக் கண்டறிய உதவுகிறது. 1980களின் பிற்பகுதியில் இந்தியாவிலும் இந்நோய் பதிவானது.

குதிரை ஈக்கள் ஒரு விலங்கைக் கடித்து, விரட்டப்பட்டு, உடனே அடுத்ததைக் கடிக்கும்போது வாயுறுப்பில் ஒட்டிய குருதி வழியே தொற்று கடக்கிறது. ஈயினும் தேர்ந்த கடத்தி ஒன்றுண்டு: ஒரே ஊசியால் பல குதிரைகளுக்கு மருந்தேற்றும் பழக்கம். ஈயின் வாயில் ஒட்டும் குருதியைவிட ஊசியின் உட்குழலில் தங்கும் குருதி பன்மடங்கு. சந்தைத் திடலில் பூச்சிநீக்க ஊசியோ சத்து ஊசியோ போடுவோர் விலங்குக்கு ஓர் ஊசி என்னும் நெறியைக் கைக்கொண்டால், இந்நோயொடு சர்ரா என்னும் ஓரணு ஒட்டுண்ணி நோயின் ஒரு வழியும் அடைபடும்.

பவானிப் பாசனமும் பூச்சிவழி நோய்களும்

பவானி ஆறு, பவானிசாகர் அணை, கொடிவேரி அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் ஆகியவை சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் பகுதிகளை நெல்விளை நிலமாக்கியுள்ளன. நீர் தேங்கிய வயல் நெல்லுக்கு மட்டும் உரியதன்று. கியூலெக்சு இனக் கொசுக்களுக்கும் அது தொட்டில். அக்கொசுக்கள் கடத்தும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில் மனிதரிடம் அறியப்பட்டது. நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகும் இந்நச்சுயிரி, குதிரையையும் மனிதனையும் வழிதவறித் தாக்குகிறது. இவ்விரண்டின் குருதியிலும் கொசுவுக்குத் தொற்றத்தக்க அளவு நச்சுயிரி பெருகுவதில்லை. ஆதலால் மூளைக்காய்ச்சல் கண்ட குதிரையால் அண்டை வீட்டார்க்கு நோய் வராது. அதே கொசுக்கள் அவர்களையும் கடிக்கின்றன என்பதற்கான எச்சரிக்கையாகவே அக்குதிரையைக் கொள்ளவேண்டும். தொற்றிய குதிரைகளுள் பெரும்பாலானவை நோயுறுவதில்லை. நோயுறுபவை தள்ளாடும்; விழுங்க இடர்ப்படும்; சுவரில் தலையை அழுத்தி நிற்கும்.

பூச்சிவழி நோய்களுள் கொடியது ஆப்பிரிக்கக் குதிரை நோய். 1959 முதல் 1961 வரை ஈரான், துருக்கி, பாக்கித்தான், இந்தியா எனப் பரவிய கொள்ளைநோயிலும் அதன் தொடர்ச்சியிலும் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்ட குதிரையினங்கள் மடிந்தன. நுரையீரல் வடிவத்தில் குதிரைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இறக்கும். கண்ணுக்கு மேலுள்ள குழி வீங்கிப் புடைத்தலும், மூக்கில் நுரை தள்ளுதலும் இந்நோயின் குறிகள். கழுதைகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. வரிக்குதிரைகளுக்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை. இந்தியா இன்று இந்நோயற்ற நாடுகளின் பட்டியலில் உள்ளது.

எனினும் கவலைக்குக் காரணம் உண்டு. இந்நச்சுயிரியைக் கடத்துவது கியூலிகாய்டிசு எனப்படும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய கடி ஈ. சாணம் கலந்த ஈரமண்ணில் அது பெருகும். தமிழகச் செம்மறிகளை மழைக்காலந்தோறும் வாட்டும் நீலநாக்கு நோயைக் கடத்துவதும் அதே இன ஈக்களே. இரு நச்சுயிரிகளும் ஒரே பேரினத்தின் உடன்பிறப்புகள். நீலநாக்கு வாழும் ஊரில் ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்கு வேண்டிய ஊர்தி முன்னமே காத்திருக்கிறது என்று பொருள். 2020இல் தாய்லாந்தில் அந்நோய் முன்னெப்போதும் இல்லாதவாறு தோன்றி ஐந்நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளைக் கொன்றது ஆசியாவிற்கே எச்சரிக்கை. அந்தி முதல் விடியல் வரை குதிரையை வலையிட்ட லாயத்துள் நிறுத்துதல், சாணக்குவியலை அகற்றுதல், விசிறி ஓட்டுதல் ஆகிய எளிய செயல்கள் இந்த ஈக்கு எதிராகப் பயன்தரும். அது வலுவற்ற பறவி. வீசும் காற்றில் நிலைகொள்ளாது.

வெறிநோய்

மேற்கூறிய எல்லாவற்றினும் மனித உயிருக்கு நேரே இடர் தருவது வெறிநோய். தெருநாய்க் கடியே பெருங்காரணம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஓரத்து ஊர்களில் குள்ளநரி முதலிய காட்டு விலங்குகளின் கடியையும் கருதவேண்டும். இரவில் கட்டுத்தறியில் நிற்கும் குதிரையின் முகத்திலோ காலிலோ பட்ட சிறு கடி கவனிக்கப்படாமல் போய், பல வாரங்களுக்குப் பின் நோய் வெளிப்படும்.

குதிரையின் வெறிநோய் வெறியாகவே தோன்றவேண்டும் என்பதில்லை என்பதே இதன் கொடுமை. வயிற்றுச் சூலைபோல் புரளும், காலில் நொண்டும், கடிபட்ட இடத்தைத் தானே கடித்துக் குதறும், தொண்டை செயலிழந்து உமிழ்நீர் ஒழுக்கி நிற்கும். ‘தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது’ என்று கருதி வாய்க்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், மூங்கில் குழாயால் கசாயம் புகட்டுவதும் வழக்கம். உமிழ்நீரில் நச்சுயிரி இருக்கும் அவ்வேளையில், கையிலுள்ள சிறு கீறலும் வாயிலாகும். குறி தோன்றியபின் குதிரை பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறந்துவிடும். தொட்டவர் அனைவரும் புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசித் தொடரைத் தொடங்கவேண்டும். குதிரைக்கு ஆண்டுக்கொரு தடுப்பூசி போடுவது, இச்சூழலில் வேறெந்த ஊசியினும் முதன்மை பெறத்தக்கது.

நோயறிதலும் அறிவித்தலும்

சளியும் காய்ச்சலும் கண்ட குதிரை நச்சுயிரி நோயால்தான் வருந்துகிறது எனக் கண்ணால் மட்டும் முடிவுசெய்தல் இயலாது. தாடைக்கடியில் கட்டி புடைத்துச் சீழ் உடையும் ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ நோயும், மூக்கிலும் தோலிலும் புண் தோன்றும் கிளாண்டர்சு நோயும் பாக்டீரியாவால் வருபவை. பின்னது மனிதரைக் கொல்லவல்லது. ஆகவே மூக்கின் ஆழத்திலிருந்து எடுத்த சளி மாதிரியைக் குளிர்நிலையில் காய்ச்சல் தோன்றிய முதல் மூன்று நாட்களுக்குள் அனுப்புதல் வேண்டும். குருதியை நோயின் தொடக்கத்தில் ஒருமுறையும், இரண்டு மூன்று வாரங்கழித்து மறுமுறையும் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு நான்கு மடங்கு உயர்ந்துள்ளதா எனக் காண்பர். ஒருமுறை மட்டும் எடுத்த குருதி, பழைய தடுப்பூசியின் தடயத்தையே காட்டக்கூடும்.

2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சளிக்காய்ச்சல், தொற்று இரத்தச்சோகை, ஆப்பிரிக்கக் குதிரை நோய் உள்ளிட்ட குதிரை நோய்களைத் தன் அட்டவணையில் கொண்டுள்ளது. நோய் இருப்பதாக ஐயுறும் உடையவர் அதனை ஊர் அலுவலர்க்கோ ஊராட்சிப் பொறுப்பாளர்க்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் விலங்குச் சந்தை கூடுவதைத் தடுக்கவும் அச்சட்டம் இடமளிக்கிறது. சந்தை நின்றுவிடும் என்ற அச்சமே அறிவிப்பதைத் தள்ளிப்போடச் செய்கிறது என்பது மறைக்கவொண்ணாத உண்மை. குதிரை விற்று ஆண்டுச் செலவை ஈடுகட்டுவோர்க்கு அவ்வச்சம் இயல்பானது. தடைக்கு அஞ்சாது சொல்ல அவர்களைத் தூண்டுவது, திடலின் நுழைவாயிலிலேயே வெப்பமானியும் தடுப்பூசிச் சான்றும் கேட்கும் ஏற்பாடு. காய்ச்சலுடன் வந்த குதிரையைத் திருப்பியனுப்பாமல் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமன்றி, கூட்டத்திலிருந்து காற்று விலகிச் செல்லும் பக்கத்தில் தனித்து நிறுத்த ஓர் இடம். அங்கு அதற்குத் தீவனமும் தண்ணீரும்.